புகை இல்லாத நாளில் வந்த புகார்

அடுப்பு எரியவில்லை என்று கூப்பிடுங்கள், வருகிறேன். எங்கள் கம்பெனி அடுப்பே சரியில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். எனக்குக் கெட்ட கோபம் வரும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று மூன்று மாவட்டத்திலும் ஓட்டல், விடுதி, கல்யாண மண்டபம் எங்கே எங்கள் பெல்லட் அடுப்பு இருந்தாலும் அதற்கு சர்வீஸ் பார்க்கிற ஆள் நான்தான். பெயர் அன்பரசன். இந்தப் பெயரை உனக்கு யார் வைத்தது என்று என் மேனேஜர் அடிக்கடி கேட்பார்.

பெல்லட் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. மரத்தூள், கடலைத்தோல், உமி இவற்றை அரைத்து, மிஷினில் அழுத்திக் குச்சி குச்சியாக எடுப்பது. அதைப் போட்டு எரிக்கிற அடுப்பு ஓர் இரும்பு உருளை. அடியில் ஒரு சின்ன ஃபேன் காற்று ஊதும். அந்தக் காற்று இரண்டாகப் பிரியும். கீழ்க்காற்று சல்லடை வழியாகப் போய்க் குச்சியைக் கனல வைக்கும். மேல்காற்று அடுப்பின் வாயை ஒட்டி வரிசையாக இருக்கிற துளைகள் வழியாக வந்து, கிளம்புகிற புகையைப் பிடித்து அங்கேயே எரித்துவிடும். கீழ்க்காற்று அதிகமானால் சாம்பல் பறக்கும். மேல்காற்று குறைந்தால் புகை. இரண்டையும் அளவாக வைத்துவிட்டால் கேஸ் அடுப்பு தோற்றுவிடும். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம், பொறுமைதான் வேண்டும். அது என் வாடிக்கையாளர்களுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

நான் சொல்ல வந்தது காளியம்மாள் அக்காவைப் பற்றி. நீடாமங்கலம் ரயில்வே கேட் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அந்த கேட் மூடினால் பஸ், லாரி, கார் எல்லாம் அப்படியே நிற்கும். நிற்கிறவர்களுக்குப் பசிக்கும். இறங்கி வந்து இட்லி சாப்பிடுவார்கள். ஊரே அந்த கேட்டைத் திட்டிக்கொண்டிருக்க, அது நன்றாக இருக்க வேண்டும் என்று சாமி கும்பிடுகிற ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

பிறந்தது பக்கத்தில் ஒரு கிராமம். பாவாடை கட்டிய வயதிலேயே அம்மாவோடு நடவுக்கு இறங்கியவர். நடவு மிஷின் வந்த பிறகு வயலில் வேலை குறைந்து, கல்யாணச் சமையல் கோஷ்டியோடு போக ஆரம்பித்தார். வெங்காயம் உரிக்கலாம், காய் நறுக்கலாம், அண்டா கழுவலாம். கரண்டியைத் தொடக் கூடாது. "நீ அங்கேருந்தே எடுத்துக் குடு காளி" என்பாராம் தலைமைச் சமையல்காரர். அந்த 'அங்கே'யைச் சொல்லும்போது அக்கா இன்றைக்கும் பல்லைக் கடிப்பார். அங்கே உட்கார்ந்தே சாம்பாரையும் சட்னியையும் கண்ணால் படித்துக்கொண்டார். வீட்டுக்காரர் கோவிந்தராசு தென்னை ஏறுகிறவர். பட்டுக்கோட்டைப் பக்கம் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. அதன் பிறகு யாரிடமும் கேட்காமல் கடையைப் போட்டுவிட்டார் அக்கா. கோவிந்தராசு கல்லாவில் உட்காருகிறார். அவருடைய தங்கை கண்ணாத்தாள் பாத்திரத்தையும் மாவையும் பார்த்துக்கொள்கிறாள்.

இடம் கூத்தாநல்லூர் முகம்மது யூசுப் என்பவருடையது. அவர் மலேசியாவில் இருக்கிறார். போனில்தான் வாடகை பேசினார்கள். எந்த ஊர், யார் வீடு, என்ன ஆட்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கட்டடத்த சுத்தமா வச்சுக்கம்மா, அது போதும்" என்றாராம். அக்கா அதைப் பத்திரம் மாதிரி மனதில் வைத்திருக்கிறார்.

பக்கத்து மாடி வீடு துரைராசு வீடு. அக்காவின் ஊர்க்காரர்தான். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நீடாமங்கலத்தில் வந்து வீடு கட்டிக்கொண்டவர். அக்காவின் அம்மா நட்டதும் அறுத்ததும் அவர் அப்பாவின் நிலத்தில். பக்கத்தில் அவர் இருக்கிறார் என்று தெரிந்துதான் அக்கா அந்தக் கடையை எடுத்தார். "கேட்டுப் பக்கம் வேற எடம் ஏது தம்பி? அவுரு இருக்காருன்னு நான் தஞ்சாவூருக்கா போவ முடியும்?" என்று என்னிடம் கேட்டார். நியாயம்தான்.

கேஸ் கட்டுப்படியாகவில்லை என்று எங்கள் அடுப்பை வாங்கினார். அடியில் நாலு சக்கரம் வைத்த பெரிய அடுப்பு. காலையில் கடை முகப்பில் தகரக் கொட்டகைக்குக் கீழே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார். சாயங்காலம் உள்ளே தள்ளிப் பூட்டிவிடுவார். சாலையில் போகிறவன் கண்ணில் இட்லி ஆவி பட வேண்டும், அதுதான் வியாபாரம் என்பது அவர் கணக்கு.

கொஞ்ச நாள் நன்றாக எரிந்த அடுப்பு புகைய ஆரம்பித்தது. சாதாரணப் புகை இல்லை, கண்ணைக் கரிக்கிற மஞ்சள் புகை. அது நேராக துரைராசு வீட்டு மாடி ஜன்னலுக்குப் போனது. அவர் மனைவி பிரகதாம்பாளுக்கு இழுப்பு நோய். துரைராசு பேரூராட்சி ஆபீசில் புகார் கொடுத்தார். வியாழக்கிழமை வந்து பார்ப்போம், புகை இருந்தால் கடையை மூடச் சொல்லி நோட்டீஸ் கொடுப்போம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். யூசுப்பும் போனில், "நோட்டீஸ்னு வந்துட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா, கடைய வேற ஆளுக்கு விட்டுருவேன்" என்றார். ஆக, அடுப்பு புகைந்தால் அக்காவுக்குக் கடை இல்லை.

திங்கட்கிழமை நான் போனேன். குச்சி மூட்டையை வெறும் தரையில் போட்டிருந்தார்கள். ஒன்றை எடுத்து ஒடித்தேன். படக்கென்று ஒடிய வேண்டியது பிட்டு மாதிரி உதிர்ந்தது. ஐப்பசி மழையில் தரை ஈரத்தைக் குடித்திருக்கிறது.

"அக்கா, அரிசி மூட்டைய இப்புடித்தான் தரையில போடுவீங்களா?"

"அரிசி திங்கிறது. இது எரிக்கிறதுதான தம்பி?"

எனக்கு மண்டையில் ஏறியது. மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றினேன். சல்லடையைக் கழற்றினால் அடியில் உமிச் சாம்பல் உருகிக் கண்ணாடிக் கட்டியாக ஒட்டியிருந்தது. உளி வைத்து உடைத்தேன். மேல்காற்றுத் துளைகள் பாதி அடைந்திருந்தன. கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தி விட்டேன். காய்ந்த குச்சி போட்டுப் பற்ற வைத்து, கீழ்க்காற்றைக் குறைத்து, மேல்காற்றைத் திறந்தேன். புகை மெல்ல வெளுத்தது, பிறகு காணாமல் போனது. துளை ஒவ்வொன்றின் வாயிலும் சின்னச் சுடர் நின்றது. எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்துத் தீயின் மேலே பிடித்தேன். கரி ஒட்டவில்லை. இதுதான் என் பரீட்சை. தட்டு வெள்ளையாக இருந்தால் அடுப்பு பாஸ்.

மறுநாள் நான் வேளாங்கண்ணியில் ஒரு விடுதி அடுப்பைப் பிரித்துப் போட்டிருக்கும்போது போன் வந்தது.

"தம்பி, நீ வந்துட்டுப் போனதுலேருந்து முன்னவிட மோசமாப் பொகையுது."

முன்னைவிட மோசமாம்! நான் தொட்டதால் மோசமாம்! பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வந்து பார்த்தால் சொன்னது உண்மை. நேற்றுக் குத்தி விட்ட துளைகள் மறுபடி அடைந்திருந்தன. கம்பியால் நோண்டினேன். வந்தது கரி இல்லை, சாம்பலும் இல்லை. சுட்ட மண். செங்கல் பொடி மாதிரி உதிர்ந்தது.

சரி, எவனோ குச்சியில் மண்ணைக் கலக்கிறான் என்று முடிவு கட்டினேன். எடை கூட வேண்டும் என்று செய்வார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். குச்சி விற்கிறவனுக்குப் போன் போட்டு வாயில் வந்தபடி பேசினேன். அவன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். அதையும் நம்பவில்லை. அக்காவிடம் திரும்பினேன்.

"சல்லிசாக் கெடைக்குதுன்னு மண்ணு கலந்த சரக்க வாங்கிப் போட்டா அடுப்பு என்னக்கா செய்யும்?"

"யோவ், நீ கைகாட்டுன கடையிலதானய்யா வாங்குனேன்?" தம்பி என்று கூப்பிட்டவர் யோவ் என்று இறங்கிவிட்டார். "வியாழக்கெழம என் கடைக்குப் பூட்டுப் போட வர்றான். நீ நின்னு சரக்கு, சல்லடன்னு கதை சொல்லிக்கிட்டிருக்கே. அடுப்பு வித்தப்ப என்னா சொன்னீங்க? பொகையே வராதுன்னு சொன்னீங்களா இல்லையா? இது என்னா, சாம்பிராணியா?"

அப்படித்தான் சொல்லி விற்றிருந்தோம். தப்பு என் பக்கம் என்றால் எனக்கு இன்னும் கோபம் வரும். கோவிந்தராசு கல்லாவிலிருந்து, "ரெண்டு பேரும் மொதல்ல டீயக் குடிங்க" என்றார். இருவரும் அவரை முறைத்தோம்.

அந்த நேரம் பார்த்து துரைராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "என்னா காளி, இன்னும் பொகைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு?" என்றார். அக்கா குரலை இறக்கிக்கொண்டார். "பாத்துக்கிட்டிருக்கம் ஐயா. வியாழக்கெழமைக்குள்ள சரியாயிடும்."

துரைராசு சொன்னதில் தப்பில்லை என்று எனக்கும் தெரியும். மேலே ஒரு பெண்மணி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகியிருந்தது. அதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. சரி செய்துவிடுகிறேன் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"வலங்கைமான் பக்கம் சார்."

"ஊர்ல எங்க?"

இந்தக் கேள்வி எதற்கு என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தெரு என்று தெரிந்தால் நான் யார் என்று தெரிந்துவிடும். அடுப்பு ரிப்பேர் பார்க்க வந்தவனுக்குத் தெரு எதற்கு? "ஊருக்குள்ளதான் சார்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைப் பையில் வீசினேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். தெரிந்துவிட்டது என்கிற சிரிப்பு அது.

புதன்கிழமை கடை திறக்கும் முன்பே போய் அடுப்புக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வழக்கமாக நான் போகிறபோது காலை வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். இன்றைக்கு முதல் குச்சியிலிருந்து பார்த்துவிடுவது என்று முடிவு. துளைகளைக் குத்தி விட்டேன், பற்ற வைத்தேன், தட்டைப் பிடித்தேன். வெள்ளை. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நேற்றுக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கண்ணாத்தாள் பெரிய இட்லிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு வாளியில் வாய்க்கால் வண்டலும் சாம்பலும் குழைத்து வைத்திருந்தாள். குண்டானின் அடியிலும் பக்கத்திலும் அதை வழித்து வழித்துப் பூசினாள். பூசினால் கரி பிடித்தாலும் தேய்க்கச் சுலபம். எங்கள் வீட்டிலும் அம்மா பூசுவார், ஊரில் பூசாத வீடு கிடையாது. அதனால்தான் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மனைவிக்கு ஒரு போன் செய்யலாம் என்று கூட நினைத்தேன். கண்ணாத்தாள் ஈரம் சொட்டச் சொட்ட குண்டானைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். புஸ்ஸென்று சத்தம் வந்தது. சேறு குண்டானிலிருந்து வழிந்து, அடுப்பின் உள்சுவரில் கோடு கோடாக இறங்கி, மேல்காற்றுத் துளைகளில் போய் உட்கார்ந்து, அங்கேயே வெந்து இறுகியது. ஒன்று, இன்னொன்று, அதற்கடுத்தது என்று சுடர்கள் அணைந்துகொண்டே போயின. மஞ்சள் புகை எழுந்தது.

நான் போட்ட கூச்சலில் கேட்டில் நின்ற பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"எறக்கு! எறக்கு அத! யாரு ஒன்ன மண்ணு பூசச் சொன்னது?"

"பூசாம யாரு தேய்க்கிறது? நீ வந்து தேய்ப்பியா?" கண்ணாத்தாளுக்கும் எங்கள் எல்லோரையும் போல வாய் உண்டு. "பொகையிற அடுப்புன்னா கரி புடிக்கும். கரி புடிச்சா மண்ணு பூசணும். ரிப்பேருக்கு ஆளு வர்ற அளவுக்குப் பொகையுதேன்னு முந்தாநாளுலேருந்து ரெண்டு பங்கா பூசுறேன். என் தோளு ரெண்டும் இத்துப்போச்சு. பேச வந்துட்டாரு!"

அப்போதுதான் முழுதும் விளங்கியது. புகைகிறது என்று மண் பூசுகிறாள். மண் பூசுவதால் புகைகிறது. நான் சுத்தம் செய்துவிட்டுப் போகப் போக, அவள் இன்னும் தடிமனாகப் பூசியிருக்கிறாள். குச்சிக்காரனைச் சும்மா திட்டியிருக்கிறேன், அக்காவையும் திட்டியிருக்கிறேன். குண்டானுக்கு அடியில் என்ன பூசுவீர்கள் என்று ஒரு கேள்வி நான் கேட்டிருக்க வேண்டும். சோற்றில் உப்புப் போடுவீர்களா என்று யாராவது கேட்பார்களா? அது மாதிரிதான் இதுவும், யாருக்கும் கேட்கத் தோன்றாது.

துளைகளை மறுபடி சுத்தம் செய்தேன். குண்டானைக் கழுவித் துடைத்து, மண் இல்லாமல் ஏற்றச் சொன்னேன். கண்ணாத்தாள் என்னை நம்பவில்லை. "கரி புடிச்சா ஒன் தலையிலதான் தேய்ப்பேன்" என்றாள். முதல் ஈடு இட்லி எடுத்தபிறகு குண்டானை இறக்கி அடியைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது. வாளிச் சேற்றை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்து, "இத்தினி நாளா இதச் சொல்றதுக்கு ஒங்களுக்கு வாய் இல்லயா?" என்று இன்னொரு பாட்டம் திட்டினாள். காளியம்மாள் அக்கா சிரித்துவிட்டார். நான் அவரைப் பார்த்ததிலிருந்து அன்றுதான் சிரித்தார். பெரிய இட்லியாகப் பார்த்து எடுத்து எனக்கு வைத்தார்.

வியாழக்கிழமை நான் வர வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் வந்தேன். ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்தார். அடுப்பைச் சுற்றி வந்தார். துரைராசு வீட்டு மாடிக்கு ஏறிப் போய் ஜன்னலைத் திறந்து நின்று பார்த்தார். கீழே வந்து, "இது எரியுதா இல்லயா?" என்று அக்காவிடமே கேட்டார். இட்லி வெந்துகொண்டிருந்தது. தட்டுப் பரீட்சையை நான் செய்து காட்டினேன். "பொகை இல்லைன்னுதான் எழுத முடியும் சார்" என்று துரைராசுவிடம் சொல்லிவிட்டு, அக்காவிடம் இட்லி பார்சல் கட்டச் சொல்லிக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல்லாவில் கோவிந்தராசு கண்ணை மூடிக் கும்பிட்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

துரைராசு போகவில்லை. அங்கேயே நின்றார்.

"சரி காளி, பொகை இல்ல. ஒத்துக்குறேன். ஆனா ஒண்ணு. எங்க வீட்டுக்கு நாலு பேரு வர்றாங்க போறாங்க. வாசலுக்குப் பக்கத்துல நீ அடுப்ப வச்சுக்கிட்டு நிக்கிறது நல்லாவா இருக்கு? கொல்லப்பக்கமா வச்சுக்க. ஒன் ஆத்தாளுக்கு இந்த வெவரமெல்லாம் நல்லாத் தெரியும். எங்க வீட்டுக்கு சோத்துக்கு வந்தான்னா கொல்லையிலதான் வந்து நிப்பா, வாசப்பக்கம் தலைய காட்ட மாட்டா. அடுப்புலதான் சக்கரம் இருக்கே, அப்புடியே பின்னாடி தள்ளிக்க. ஒனக்கு என்னா செரமம்?"

அவர் கத்தவில்லை. நல்லதைத்தான் சொல்கிறேன் என்கிற குரலில் சொன்னார். எனக்குக் காது சூடானது. புகைதான் பிரச்சினை என்று நினைத்து நாங்கள் நாலு நாள் நாய் மாதிரி அலைந்தோமே! அடுப்பை நான் சரி செய்துவிட்டேன். இதை எந்தக் கம்பியால் குத்தி விடுவது?

அக்கா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரை நேராகப் பார்த்தார்.

"பொகை வந்துச்சு, சொன்னீங்க. அது நெயாயம். அந்தம்மாவுக்கு இழுப்பு, அதனால நானும் ராத்திரியெல்லாம் தூங்காம தவிச்சேன். இப்பப் பொகை இல்ல. இப்பயும் நான் ஒங்க கண்ணுக்கு ஆவல." குரல் உடைந்தது. அழுகையில் இல்லை, ஆத்திரத்தில். "எங்கம்மா கொல்லையில வந்து நின்னுச்சு. மழையில நின்னுச்சு, வெயில்ல நின்னுச்சு, நெறமாசமா என்னய வயித்துல வச்சுக்கிட்டும் நின்னுச்சு. அது நின்னது போதும் சார்."

ஐயா சார் ஆனதை துரைராசு கவனித்தார். முகம் கறுத்தது. "என்னாடி பேச்சு நீளுது?" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்தச் சக்கரத்தக் கழட்டு."

"அக்கா?"

"கழட்டுன்னேன்."

சக்கரத்தைக் கழற்றினால் வாரண்டி போய்விடும், சாயங்காலம் உள்ளே தள்ள முடியாது, கம்பெனியில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். இதெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். கண்ணாத்தாள் குண்டானை இறக்கினாள். கனலை இரும்புச் சட்டியில் வாரி வைத்தோம். துணியைச் சுற்றிப் பிடித்து அடுப்பைச் சாய்த்தோம். மரையைத் திருகினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மரையையும் கழற்றியது கிடையாது. அடுப்பு தொம்மென்று தரையில் உட்கார்ந்தது, சாலையைப் பார்த்தபடி, இருந்த அதே இடத்தில்.

"நாளைக்கு ஒரு கொத்தனார வரச் சொல்லு. சுத்தி சிமெண்ட் போட்டுரலாம்" என்றார் அக்கா. கோவிந்தராசு கல்லாவிலிருந்து, "யூசுப் பாய்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

அக்கா குனிந்து நாலு சக்கரத்தையும் பொறுக்கினார். கிரீசும் கரியும் முந்தானையில் ஒட்டியதைப் பார்க்கவில்லை. போய், துரைராசு வீட்டு மதில் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"வச்சுக்குங்க. எதயாச்சும் தள்ளணும்னு தோணுச்சுன்னா, இத ஒங்க வீட்டுக்கு மாட்டித் தள்ளிக்குங்க."

துரைராசு வாயைத் திறந்தார். மன்னார்குடி ரயிலுக்காக கேட் மூடுகிற மணி அடித்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் அவரை விலக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். அக்கா கையைக் கழுவிக்கொண்டு, "உக்காருங்க, ஒரு நிமிஷம், அடுப்ப மூட்டிர்றேன்" என்றார். நான் கனலை எடுத்துப் போட்டு மேல்காற்றைத் திறந்தேன்.